லீவு முடிந்து திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சொந்தபந்தம் வெளிநாட்டில் இருக்க, லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி வேலையில் உட்காருகிறவர்கள் எங்கள் டீமில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் இல்லாத நாட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு, நானும் வருடம் தவறாமல் அப்படிப் போய்வருகிறவன். போவதற்கு எல்லோரும் நன்றாகத்தான் திட்டம் போடுகிறார்கள், திரும்பி வருவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. புதிதாகப் போகிறவர்கள் ஒருவர் விடாமல் அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட்டை மறப்பது, லக்கேஜ் எடை கூடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஞாயிறு இரவு இறங்கி, திங்கள் காலை வேலைக்குப் போவது

இது ஒன்றுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிறது.

கணக்கு இப்படிப் போகும்: லீவு மொத்தம் இவ்வளவுதான், அதில் ஒரு நாளைக்கூட வீட்டில் தூங்கிக் கழிக்கக் கூடாது, அதற்கு அம்மாவோடு இன்னொரு நாள் இருந்துவிட்டு வரலாமே. ஆசை நியாயமானதுதான், எப்போதோ ஒரு முறை பார்க்கிற முகங்களை விட்டுக் கிளம்ப யாருக்கு மனசு வரும்? ஆனால் அந்த ஒரு நாளுக்குக் கொடுக்கிற விலை என்ன என்பதை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் டீமில் ஒரு பெண், அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு விடியற்காலையில் வந்து இறங்கினார். குளித்துவிட்டு நேராக ஆபீஸ். காலை முழுக்க நல்ல சுறுசுறுப்பு, மேனேஜர்கூட "என்ன பொறுப்பு பாருங்க" என்றார். மதியம் மூன்று மணிக்கு மேல் அவர் மேஜைப் பக்கம் போனேன். கண் திறந்துதான் இருந்தது. திரையில் பாதி எழுதிய மெயில், அதன் கடைசியில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கு நீண்டு ஓடிக்கொண்டிருந்தது, விரல் அந்தப் பட்டனிலேயே கிடந்தது. தோளைத் தொட்டுக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பினோம். அதற்குள் ஒரு வாடிக்கையாளருக்குப் பழைய கொட்டேஷன் போய்விட்டது என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சரிக்கட்டுவதற்குள் அவர் மிச்சம்பிடித்த ஒரு நாள் லீவு பல மடங்காகக் கரைந்துபோனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வந்த அன்றே வேலைக்கு வருவதைப் பொறுப்பு என்று நாம் பாராட்டுகிறோமே, கோபம் அதன் மேல்தான்.

இது வெறும் அசதி இல்லை, அசதி என்றால் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினால் போய்விடும். மூளைக்குள், கண் நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் நேரத்தை நடத்தும் ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கிறது. நாம் ஒரே பகலில் தாண்டி வந்த தூரத்தை அது அப்படித் தாண்டாது. கிழக்கே பயணித்தால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம், மேற்கே என்றால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் நகரும். உடம்பின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் நேரத்தைத் தள்ளிப்போடுவது அதற்குச் சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். ஆக, ஒன்பது மணி நேர வித்தியாசத்தில் கிழக்கே திரும்புகிறவருக்கு முழுசாகச் சரியாக ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம். காபி குடித்தால் சரியாகிவிடும், எல்லாம் மனசுதான் என்று சொல்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

அப்புறம், "காலையில் வெயிலில் நில்லு" என்று எல்லோரும் சொல்லும் யோசனை. நேர வித்தியாசம் குறைவாக இருந்தால் சரிதான். பெரிய வித்தியாசத்தில் கிழக்கே திரும்புகிறவருக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். நாம் வழக்கமாக எழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்பின் சூடு இருப்பதிலேயே குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், அதற்கு முன்னால் படுவது பின்னால் தள்ளும். அங்கே காலை ஏழு மணிக்கு எழுந்து பழகியவர் ஒன்பது மணி நேரம் கிழக்கே வந்தால், அந்த நேரம் இங்கே மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு வருகிறது. காலை எட்டு மணி வெயில் அவருடைய கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். முதல் இரண்டு நாள் காலையில் நிழலில் இருந்துவிட்டு, மதியத்துக்கு மேல் வெளியே நடப்பதுதான் அவருக்கு நல்லது. மேற்கே திரும்பியவர் சாயங்காலம் இருட்டும்வரை வெளியே இருக்கட்டும்.

விமான நிலையத்திலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? டிக்கெட் போடும்போதே லீவின் கடைசி இரண்டு நாளை வீட்டுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். முடிந்தால் வியாழக்கிழமை வேலையில் சேருங்கள், இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் வார இறுதி வந்துவிடும். ஆட்டோ ரிப்ளையில் திரும்பும் தேதியை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், அந்த முதல் நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். முக்கியமான மீட்டிங், பணம் போகிற ஒப்புதல் எதையும் முதல் வாரத்தில் தனியாகச் செய்யாதீர்கள், இன்னொருவர் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று திரும்பும் பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட் போடுவது

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் இருந்து, முதலாவது தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்ததில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் வேலை. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். நடுவில் இறங்கும் நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் கேட்கலாம். போகும்போது இப்படி ஆனால் ஒரு நாள் லீவு போகும், வரும்போது ஆனால் வேலையில் சேரும் தேதியே போய்விடும்.

"அங்கிருந்தே ரெண்டு வாரம் வேலை பார்க்கிறேனே"

லேப்டாப்போடு போய் லீவை நீட்டலாம் என்ற எண்ணம் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. பார்வையாளர் விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை முதலில் பாருங்கள். கம்பெனி கோப்புகளை வெளிநாட்டிலிருந்து திறக்கலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்மொழி சம்மதம் பிரச்சினை வந்தால் நிற்காது. இரண்டும் சரியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேர வித்தியாசத்தால் மீட்டிங் நடுராத்திரியில் வரும், பகலில் நீங்கள் தூங்குவீர்கள், உங்களைப் பார்க்க ஆசையாகக் காத்திருந்த அப்பா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவார். அதற்கு ஒரு வாரம் குறைவாக இருந்தாலும் முழு ஆளாக அவர்களோடு இருந்துவிட்டு வரலாம்.

விசா கையில் இருக்கிறதே என்று நம்புவது

வெளிநாட்டவராக வேலை செய்கிறவர்களுக்கு இது. அந்த நாட்டில் தங்கியிருக்க அனுமதி இருப்பதும், வெளியே போய்த் திரும்ப நுழைய அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. ஒருமுறை நுழைவு விசா உள்ளே வந்ததோடு முடிந்துவிடும். புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் நேரத்தில் வெளியே போனால் விண்ணப்பமே ரத்தாகக்கூடிய நாடுகளும் உண்டு. கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம்

பயணத் தேதிக்கு அப்புறமும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பாருங்கள்.

மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைப்பது

கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டோடு.

பெட்டியை வார இறுதியில் பிரிக்கலாம் என்று விடுவது

பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பதிவு செய்த பெட்டி சேதமாகியிருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். வேலை மும்முரத்தில் பெட்டியைத் திறக்காமலே அந்த ஏழு நாளைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும்.

கால் வலியை அசதி என்று தள்ளிவிடுவது

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது, அது சில வாரம் வரைகூட நீடிக்கலாம். வந்த கையோடு நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது மூச்சுத் திணறினால், மீட்டிங் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

மெயிலைப் பழையதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது

புதியதிலிருந்து பின்னால் போங்கள். மூன்று வாரத்துக்கு முன் அவசரம் என்று வந்தவற்றில் பாதி ஏற்கெனவே முடிந்திருக்கும். அதற்கெல்லாம் பதில் போட்டால் மூடிய விஷயத்தைத் திறந்துவிட்டவர் நீங்களாக இருப்பீர்கள். கிளம்பும் முன் பொறுப்பை யாரிடம் கொடுத்தீர்களோ, அவரிடம் முதலில் அரை மணி நேரம் பேசிவிட்டு அப்புறம் மெயிலைத் திறங்கள்.