பழைய ஆம்ப்ளிஃபயரில் வைஃபை வழியே பாட்டு

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த பாட்டுகளை ஹாலில் உள்ள ஆம்ப்ளிஃபயரில் கேட்க, பலரும் முதலில் வாங்குவது புளூடூத் ரிசீவர். மலிவு, ஐந்து நிமிட வேலை. ஆனால் போனில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். போனோடு அடுத்த அறைக்குப் போனால் விட்டுவிட்டுக் கேட்கும். தரமும் குறையும். சுருக்காத சிடி ஒலிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் தேவை. புளூடூத்தின் சாதாரண சுருக்க முறையான எஸ்பிசியில் போவது சுமார் 328 தான்.

வைஃபை முறையில் போன் வெறும் ரிமோட். பாட்டை எடுத்து வாசிப்பது ஆம்ப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி. போனை அணைத்தாலும் பாட்டு ஓடும்.

வாங்க வேண்டியவை: ராஸ்பெரி பை 3பி+ அல்லது 4 (உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், இனி ‘பை’), அதன் 40 பின்னில் நேராக உட்காரும் பிசிஎம்5102ஏ சிப் டாக் போர்டு (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான ஒலி சிக்னலாக மாற்றுவது), 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், ஒரு மீட்டர் ஆர்சிஏ கேபிள். பையிலேயே ஹெட்போன் ஜாக் இருக்கிறதே என்று டாக்கை விட்டுவிடாதீர்கள். மெல்லிய இடங்களில் இரைச்சல் தெரியும். கையில் கிடக்கும் போன் சார்ஜரும் வேண்டாம். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பாட்டு விக்கும்.

ஆம்ப்பின் பின்பக்கம் ஆக்ஸ், சிடி, டேப் இன் என எதில் சொருகினாலும் சரி. சிவப்பு வலது, வெள்ளை இடது. ஃபோனோவில் மட்டும் சொருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியின் மில்லிவோல்ட் சிக்னலைப் பெருக்குவதற்கானது, பேஸையும் கூட்டிவிடும். டாக் தருவதோ 2 வோல்ட். ஒலி உடைந்து அலறும்.

எஸ்டி கார்டில், பையைப் பாட்டுப் பெட்டியாக்கும் வால்யூமியோ மென்பொருளை ராஸ்பெரி பை இமேஜர் மூலம் எழுதி, பையில் போட்டு மின்சாரம் கொடுங்கள். சில நிமிடங்களில் போனின் வைஃபை பட்டியலில் வால்யூமியோ என்ற பெயர் வரும். கடவுச்சொல், அதே பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், கடைசியில் 2. சேர்ந்ததும் பிரவுசரில் 192.168.211.1 என்று அடித்து உங்கள் வீட்டு வைஃபையைக் கொடுங்கள். பிளேபேக் ஆப்ஷன்ஸில் ஐ2எஸ் டாக்கை ஆன் செய்து, ஹைஃபைபெரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். போர்டு வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்தச் சிப்புக்கு அது பொருந்தும்.

அதே பக்கத்தில் வால்யூம் கட்டுப்பாட்டுக்கான மிக்சரை ‘நன்’ (None, எதுவுமில்லை) என்று வைத்தால் டாக்கிலிருந்து முழு அளவில் ஒலி வரும். வால்யூம் ஆம்ப் குமிழில்தான். முதல் பாட்டுக்கு முன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்து, கம்ப்யூட்டரில் பாட்டு ஃபோல்டரை ஷேர் செய்து, வால்யூமியோ செட்டிங்ஸின் நெட்வொர்க் டிரைவ் பகுதியில் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி எண், ஷேர் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸைத் திறக்க நீங்கள் அடிக்கும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். கம்ப்யூட்டரின் ஐபியை ரவுட்டரில் நிலையாகப் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்த பிறகு எண் மாறி, ஒரு பாட்டும் தெரியாமல் போகலாம்.

தமிழ்த் திரைப்பாட்டு வைத்திருப்பவர்கள் டேகை, அதாவது ஃபைலுக்குள் இருக்கும் பாட்டு, ஆல்பம், பாடகர் பெயர் விவரங்களை, சரிசெய்ய ஒரு மாலை ஒதுக்குவது நல்லது. ஒரு படத்தின் ஆறு பாட்டை ஐந்து பேர் பாடியிருப்பார்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருந்தால் அந்த ஒரே படம் ஐந்து ஆல்பமாகச் சிதறித் தெரியும். அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். நாம் தேடுவதும் அந்தப் பெயரில்தானே! பழைய எம்பி3களில் தமிழ் டேக் டிஸ்கி என்ற பழைய எழுத்து முறையில் இருந்தால் கிறுக்கலாக வரும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் யூனிகோடில் மறுபடி அடித்துச் சேமியுங்கள்.

பாட்டு நடுவில் நின்றால் முதலில் இடத்தைப் பாருங்கள். பையை உலோகப் பெட்டிக்குள்ளோ ஆம்ப்பின் முதுகுக்குப் பின்னாலோ வைத்தால் ஆன்டெனா அடைபடும். அரை மீட்டர் தள்ளி வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் எட்டினால் அதில் சேருங்கள், 2.4இல் மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் தகராறு. பாட்டே இல்லாமல் ம்ம்ம் என்று ரீங்காரம் வந்தால் ஆம்ப்பில் மாட்டியுள்ள மற்றக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பெரும்பாலும் செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயர்தான் காரணம்.

கம்ப்யூட்டரை எப்போதும் ஓடவிட மனமில்லையா? 128 ஜிபி பென்டிரைவைப் பையிலேயே சொருகுங்கள். தரம் குறையாமல் சுருக்கிய எஃப்எல்ஏசி வடிவில் அரை மணி நேர ஆல்பம் சுமார் 200 எம்பி. அறுநூறு ஆல்பம் அடங்கும். ஆனால் ஸ்விட்சைத் தட்டி அணைக்காதீர்கள், மெனுவில் ஷட்டவுன் கொடுத்த பிறகே அணையுங்கள். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.