மைன்கிராஃப்ட் சுவரில் எம்ஆர்டி வரைபடம் மாட்டுவது எப்படி?

பிளாக் எனும் கனசதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்டில் நாமே வரைந்த படத்தைச் சுவரில் மாட்ட முடியுமா என்று பள்ளி விடுமுறை வந்தாலே சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியும். சாதாரண பெயின்டிங்கில் விளையாட்டிலேயே உள்ள படங்கள்தான் வரும். விளையாட்டுக்குள் கையில் எடுக்கும் வரைபடமான மேப் அப்படியில்லை. தரையில் என்ன இருக்கிறதோ, அதை மேலிருந்து பார்த்தபடி பதிந்துகொள்ளும். ஆக, படத்தைத் தரையில் கட்டி, மேப்பில் பிடித்து, சுவரில் மாட்ட வேண்டும்.

முதல் படத்துக்குச் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் வரைபடமே என் தேர்வு. சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலை அழகுதான், ஆனால் வளைவுகள் அதிகம். புதியவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். ரயில் தடங்களைப் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே போட்டுவிடலாம். சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு, நீலம், பழுப்பு என ஆறு தடங்களின் நிறமும் கான்கிரீட் எனும் பிளாக்கில் உண்டு. நம் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 27. இரண்டு மேப்பை அடுத்தடுத்து வைத்தால் அந்த வடிவம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

1. உலகமும் இடமும்

பிளாக் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில், தரை முழுக்கச் சமமான ஒரு சூப்பர்ஃபிளாட் உலகம் திறங்கள். மரமும் மலையும் குறுக்கே வராது. ஐபேட், கைப்பேசி என்றால் அமைப்புகளில் ஆயத்தொலைவு (நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்கள்) காட்டும்படி மாற்றுங்கள். கணினியில் ஜாவா பதிப்பு என்றால் எஃப்3 விசை போதும்.

ஒரு மேப் 128×128 பிளாக் பரப்பைப் பிடிக்கும், ஒரு பிளாக்குக்கு ஒரு புள்ளி. நாம் நிற்கும் இடம் மேப்பின் நடுவாகிவிடாது. உலகம் முன்பே கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது, எந்தக் கட்டத்துக்குள் நின்று மேப்பைத் திறக்கிறோமோ அந்தக் கட்டம்தான் கிடைக்கும். பூஜ்ஜியப் புள்ளி இருக்கும் கட்டம் எக்ஸ் (கிழக்கு மேற்கு), இசட் (வடக்கு தெற்கு) இரண்டிலும் -64 முதல் 63 வரை. அதற்குக் கிழக்கே உள்ள கட்டம் எக்ஸில் 64 முதல் 191 வரை. இந்த இரண்டு கட்டமும்தான் நம் காகிதம்.

2. வெள்ளைத் தரை

இரண்டு கட்டத்தையும் வெள்ளை கான்கிரீட்டால் நிரப்புங்கள். மொத்தம் 32,768 பிளாக். ஒரு பரப்பை மொத்தமாக நிரப்பும் ஃபில் கட்டளை ஒரே தடவையில் போடக்கூடிய உச்ச எண்ணிக்கையும் அதேதான்! ஆனாலும் ஒவ்வொரு கட்டத்தின் நடுவில் நின்று தனித்தனியாகப் போடுங்கள். தூரத்து ஓரங்கள் லோடு ஆகாமல் இருந்தால் கட்டளை வேலை செய்யாது.

வடக்கு ஓரத்துக்கு வெளியே, அதாவது இசட் -65இல், அதே உயரத்தில் இன்னொரு வரிசையும் போட்டுவிடுங்கள். மேப் ஒவ்வொரு பிளாக்கையும் அதன் வடக்குப் பக்கத்துப் பிளாக்கோடு ஒப்பிட்டுத்தான் நிறம் தீட்டுகிறது. வடக்கே இருப்பதைவிட உயரமாக இருந்தால் வெளிர், தாழ்வாக இருந்தால் அடர். அந்தக் கூடுதல் வரிசை இல்லாவிட்டால் படத்தின் உச்சியில் மட்டும் ஒரு வெளிறிய கோடு தெரியும்.

3. தடங்கள்

மேப்பின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு. முதலில் பச்சைத் தடத்தை துவாஸ் லிங்க்கிலிருந்து பாசிர் ரிஸ் வரை குறுக்கே இழுங்கள். அதை வைத்து மற்றதை அளந்துகொள்ளலாம். சிவப்பு, ஜூரோங் ஈஸ்ட்டில் தொடங்கி வடக்கே உட்லண்ட்ஸ் வரை ஏறி, மரினா பக்கம் இறங்கும். கோடு மூன்று பிளாக் அகலம் இருந்தால் சுவரில் நன்றாகத் தெரியும்.

தரைக்கு மேல் கம்பளம் விரித்துக் கோடு போடாதீர்கள். உயரம் மாறி, ஓரங்களில் வெளிரும் அடரும் விழும். வெள்ளைப் பிளாக்கை எடுத்துவிட்டு அதே குழியில் நிறப் பிளாக்கை வையுங்கள்.

நிலையப் பெயர்கள் வேண்டாம், இந்த அளவில் எழுத்து படிக்கவே வராது. சந்திப்புகளுக்கு மட்டும் கறுப்பில் ஒரு சதுரம் வைத்தால் போதும். ஊதாவும் நீலமும் சந்திக்கும் லிட்டில் இந்தியா, சிவப்பு, ஊதா, ஆரஞ்சு மூன்றும் சேரும் டோபி காட் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா எங்கே என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

4. மேப்பில் பிடிப்பது

முதல் கட்டத்தில் நின்று காலி மேப்பைத் திறங்கள். அதைக் கையில் வைத்தபடியே நான்கு மூலைக்கும் நடந்து வாருங்கள். பைக்குள் வைத்துவிட்டால் பதியாது. அடுத்த கட்டத்தில் இரண்டாவது மேப்.

அப்புறம் வரைபட மேசையான கார்ட்டோகிராஃபி டேபிளில் ஒவ்வொரு மேப்போடும் ஒரு கண்ணாடிப் பலகையைச் சேர்த்துப் பூட்டுங்கள். பூட்டிய மேப் இனி மாறாது. இதனால் பெரிய லாபம் உண்டு: அதே தரையை அழித்து அடுத்த படத்தைக் கட்டி, புது மேப் திறந்து பதியலாம். ஒரே மைதானத்திலிருந்து சுவர் முழுக்கப் படங்கள்.

5. சுவர்

பொருளை மாட்டும் சட்டங்களான ஐட்டம் ஃபிரேம்கள் இரண்டை ஒட்டி ஒட்டி மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மேப்பை வையுங்கள். மேப் பிளாக் முழுவதையும் அடைத்துக்கொள்வதால் நடுவில் இடைவெளி தெரியாது. படம் திரும்பியிருந்தால் தட்டத் தட்டச் சுழலும். சுவரை அந்த இரண்டு கட்டத்துக்கும் வெளியே கட்டுங்கள், உள்ளே கட்டினால் ஃபிரேம் இருக்கும் இடம் படத்தின் மேல் பச்சைக் குறியாக விழும்.

எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் முறையில் செய்பவர்களுக்கு: ஒரு ஐட்டம் ஃபிரேமுக்கு எட்டு குச்சியும் ஒரு தோலும் வேண்டும், மேப்புக்கு எட்டு காகிதமும் ஒரு திசைகாட்டியும். கான்கிரீட்டுக்கு மணலும் சரளையும் தோண்டி மாளாது, அதனால் முதல் படத்தை கிரியேட்டிவிலேயே முடித்துவிடுங்கள்.