ஊர்ப்புறத்தில் மூத்த உறவினரைப் பராமரிக்கப் பொறுப்பேற்பவர்களுக்கு

முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் திட்டமிட்டு வருவதில்லை. ஒரு விழுகைக்குப் பின்னோ, துணையை இழந்த பின்னோ, இரண்டு வாரம் உடனிருந்துவிட்டு வரலாம் என்று போகிறவர் இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிடுகிறார். நகரத்தில் இருப்பவருக்கு உதவி ஓரளவு அருகிலேயே கிடைக்கும். ஊர்ப்புறத்திலோ மருத்துவமனை தொலைவில் இருக்கிறது, வாகனம் வரத் தாமதமாகிறது, ஒரு பரிசோதனைக்கே ஒரு நாள் முழுவதும் செலவாகிறது. எனவே ஒரு மாற்றத்தை முதலில் காண்பவரும், அது அவசரமா இல்லையா என்று முதலில் முடிவெடுப்பவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தத் தொலைவை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு தயாராவது எப்படி என்பதை, என் பாட்டியுடன் இருந்த ஆண்டுகளில் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பொறுப்பேற்கும் முன்

முதலில் பேச வேண்டியது அந்தப் பெரியவரிடம். உறவினர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டு அவருக்குத் தகவல் மட்டும் சொல்லும் வழக்கம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும் அவரை வீட்டில் ஒரு பொருளாக்கிவிடுகிறது. எதில் உதவி வேண்டும், எதைத் தாமே செய்ய விரும்புகிறார், யார் தம்மைக் குளிப்பாட்டினால் கூச்சமாக இருக்கும் என்பதையெல்லாம் நேரடியாகக் கேளுங்கள். காது மந்தமாக இருந்தால் எதிரில் அமர்ந்து, முகம் தெரியும்படி, நிதானமாகக் கேளுங்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறு செயல்களில் எவற்றைத் துணையின்றிச் செய்கிறார் என்று பார்ப்பதே அது. பொதுவாகக் குளிப்பதில்தான் முதலில் உதவி தேவைப்படும். தாமே உண்ணும் திறன் கடைசி வரை எஞ்சியிருக்கும். அவரால் செய்ய முடிகிற வேலையை அவசரம் கருதி நீங்கள் செய்து கொடுத்தால், சில வாரங்களில் அவருடைய தசைகள் அந்த வேலையை மறந்துவிடும். சட்டைப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகும் என்றால், அந்தப் பத்து நிமிடத்தையும் அன்றாடக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தொலைவில் இருக்கும் உடன்பிறந்தவர்களோடு செய்ய வேண்டிய ஏற்பாட்டையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பணம் யார் தருவது, ஆண்டில் எத்தனை நாள் யார் வந்து உங்களை விடுவிப்பது, மருத்துவ முடிவுகளில் யாரிடம் கேட்க வேண்டும் என்பவை வாய்ப்பேச்சில் நின்றால் மனக்கசப்பில்தான் முடியும். வங்கிக் கணக்கு, நிலம், ஓய்வூதியம் ஆகியவற்றைக் கையாள்வதற்கான அதிகாரப் பத்திரத்தை, அவருக்கு நினைவும் தெளிவும் இருக்கும்போதே, உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் மூலம் முடித்துவிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரே ஒரு பொருளை வாங்குங்கள் என்று சொல்ல வேண்டுமானால் நோட்டுப் புத்தகத்தைத்தான் சொல்வேன். அதன் முதல் பக்கத்தில் நோய்கள், மருந்துகளும் அளவுகளும், ஒவ்வாமைகள், மருத்துவரின் எண் ஆகியவை இருக்கட்டும். அடுத்த பக்கங்களில் உறக்கம், நடை, உணவு, மலம் கழித்தல், ரத்த அழுத்தம் ஆகியவற்றை நாளுக்கு இரண்டு வரியாக எழுதுங்கள். எடையை மாதம் ஒருமுறை எழுதினால் போதும். தொலைபேசியில் பேசும் மருத்துவரிடம் "கொஞ்ச நாளாகச் சரியில்லை" என்று சொல்வதற்கும், "மூன்று நாளாகப் பாதி உணவுதான், நேற்று முதல் சிறுநீர் குறைவு" என்று சொல்வதற்கும் இடையே சிகிச்சையே மாறிவிடும்.

இதன் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது திடீர் மனக்குழப்பத்தில். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முதியவர் ஒருவர் ஆளை மாற்றிப் பேசினாலும், இல்லாததைக் கண்டாலும், அல்லது வழக்கத்துக்கு மாறாக அமைதியாகி எப்போதும் தூங்கி வழிந்தாலும், அது முதுமையின் இயல்பன்று. மருத்துவத்தில் டெலிரியம் எனப்படும் இந்நிலைக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, கடும் மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், புதிதாகத் தொடங்கிய மருந்து என ஏதாவது ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும். அதைச் சரிசெய்தால் பலரும் மீண்டுவிடுகிறார்கள். அமைதியாகிவிடும் வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. என் பாட்டி இரண்டு நாள் பேசாமல் படுத்திருந்தபோது களைப்பு என்று நாங்கள் விட்டுவிட்டோம். மூன்றாம் நாள்தான் காய்ச்சலே இல்லாத சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம் என்பதை அன்று அறிந்திருந்தால் அந்த இரண்டு நாட்களை இழந்திருக்க மாட்டோம்.

மருந்துகள்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், பழைய அட்டைகள், களிம்புகள், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய், எவை இன்னும் தேவை என்று கேளுங்கள். வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு பெயர்களில் எழுதிய ஒரே மருந்தை இருமடங்காக விழுங்குவது அரிதன்று. நீங்களாக எதையும் நிறுத்தவோ சேர்க்கவோ வேண்டாம். சாலை துண்டிக்கப்படும் மழைக்காலத்தையோ பனிக்காலத்தையோ மனத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி வாங்குங்கள்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு வகை மருந்துகளிடம் தனி எச்சரிக்கை தேவை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் முதியவர்களுக்கு வயிற்றில் ரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். ரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் குளோர்ஃபெனிரமின் போன்ற தூக்கம் வரவழைக்கும் மருந்துகள் குழப்பத்தையும் விழுகையையும் சிறுநீர்த் தேக்கத்தையும் கொண்டுவரும். வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது என்றாலும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவான அளவை மருத்துவர் சொல்வார்.

இன்சுலின் போடுபவராக இருந்தால், திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. நீரிழிவு மருந்து உட்கொள்பவர் வியர்த்து நடுங்கினாலோ திடீரெனக் குழம்பினாலோ சர்க்கரை அளவைப் பாருங்கள். அது ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, அவரால் விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

விழாமல் காப்பது, விழுந்தால் செய்வது

இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பாதைதான் வீட்டிலேயே மிக ஆபத்தான இடம். அந்தப் பாதையில் நீங்களே இரவில் விளக்கில்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். நழுவும் விரிப்பும், உயர்ந்த வாசற்படியும், குறுக்கே கிடக்கும் மின்கம்பியும் உடனே தென்படும். மின்சாரம் நின்றாலும் எரியும் சிறு விளக்கு ஒன்றை வைத்துவிடுங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், இரவுக்கு மட்டுமாவது கட்டிலருகே கமோடு நாற்காலி வைப்பதை வலியுறுத்துவேன். கூச்சத்தால் பலர் மறுப்பார்கள். ஒரு திரை கட்டிக் கொடுத்து, பொறுமையாகப் பேசினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். துண்டு தொங்கவிடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. கைப்பிடியைச் சுவரில் ஆழமாகத் திருகிப் பொருத்த வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஓரமாக அமர்ந்து, ஓரிரு நிமிடம் கால்களை அசைத்துவிட்டு நிற்கப் பழக்குங்கள். எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றுவதுதான் பல விழுகைகளுக்குக் காரணம்.

விழுந்துவிட்டால் பதறித் தூக்கிவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அவரை நிற்க வைக்காமல், படுத்த நிலையிலேயே கொண்டு செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

படுக்கையில் இருப்பவர்

படுக்கைப்புண் வந்த பின் ஆற்றுவதற்கு மாதங்கள் ஆகும். வராமல் தடுக்க ஒழுங்கான கவனிப்பு போதும். தானாகத் திரும்ப முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும் என்பதால், முதுகுப்புறம் தலையணை வைத்து 30 டிகிரி அளவு சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகால்கள் காற்றில் நிற்கும்படி செய்யுங்கள். நாள்தோறும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண்ணின் தொடக்கம் அதுதான். கருத்த தோலில் சிவப்புத் தெரியாது என்பதால் சூடு, வீக்கம், கடினம் ஆகியவற்றைத் தொட்டு அறிய வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவோ, வளையம் போன்ற மெத்தையில் உட்கார வைக்கவோ வேண்டாம்.

உணவூட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, முடிந்த பின் அரை மணி நேரம் அப்படியே இருக்க விடுங்கள். உண்ணும்போது இருமினாலோ, குரல் ஈரமாக ஒலித்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது. அவரைத் தூக்கும்போது அக்குளில் கை கொடுத்து இழுத்தால் அவருடைய தோளும் உங்கள் முதுகும் கெடும். நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் வைத்து, இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிப் பிடித்து, உங்கள் முழங்கால்களை மடக்கி, அவரையும் முன்னோக்கிச் சாயச் சொல்லி எழுப்புங்கள். இதை ஒரு செவிலியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் ஒருமுறை கற்றுக்கொள்வது பெரிதும் உதவும்.

அவசரத்தை ஒத்திகை பார்த்தல்

எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில் மருத்துவமனைக்கு வண்டியில் போய், எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து வாருங்கள். இரவிலும் வரக்கூடிய வாகனம் வைத்திருக்கும் இருவரின் எண்களை எழுதுங்கள், ஒருவர் போதாது. வீட்டில் எந்த மூலையில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எந்த அடையாளத்தைச் சொன்னால் வழி புரியும் என்பதையும் சேர்த்தெழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பக்கவாதத்துக்கு இது உயிர்நாடி. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தொய்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஸ்கேன் வசதி இல்லாத பக்கத்து மருத்துவமனையில் செலவழியும் ஒரு மணி நேரம் இந்தக் கணக்கில் பெரிய இழப்பு. எங்கே ஸ்கேனும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். வழியில் தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்க வேண்டாம்.

உங்களைப் பற்றியும்

மாதக்கணக்கில் உறக்கம் கெட்டவர் அன்புள்ளவராக இருந்தாலும் கடிந்து பேசிவிடுவார். கோபம் ஏறும்போது, அவர் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, அறையை விட்டு வெளியே போங்கள். வாரத்தில் ஓர் அரை நாளையாவது உங்களுக்கென ஒதுக்கி, அந்நேரம் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் ஒருவருக்கு மருந்து நேரத்தையும் திருப்பும் முறையையும் முன்பே கற்றுக்கொடுங்கள். மறதி நோய் உள்ளவரைப் பார்ப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஐசப்போர்ட் என்ற பயிற்சிக் கையேட்டை 2019-இல் வெளியிட்டது. தனியே இருந்து படிக்க ஏற்றது.

கடைசியாக ஒன்று, பலரும் தள்ளிப்போடுவது. நோய் முற்றினால் மருத்துவமனையில் இருக்க விரும்புகிறாரா, வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா, செயற்கை சுவாசம் வேண்டுமா என்பதை அவர் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில் கேளுங்கள். என் பாட்டி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல உடனே பதில் சொன்னார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மற்ற உறவினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். அவர் மனம் மாறியிருந்தால் பழையதை அடித்துவிட்டுத் தேதியிட்டுப் புதியதை எழுதுங்கள்.