ரேடார் இல்லையா? வெளியே தெரியும் உயரத்தைக் கேளுங்கள்

இடிமேகங்கள் சிதறிக் கிடக்கும் நாளில், வானிலை ரேடார் இல்லாத சிறு விமானத்தைக் கருவிகளின் துணையோடு ஓட்டும்போது, மேகத்துக்குள்ளேயே போக வைக்கும் உயரத்தைத் தவிருங்கள். மேகத்தளத்துக்குக் கீழேயோ இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலோ, வெளியே பார்க்க முடிகிற உயரத்தை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் கேளுங்கள்.

அந்த நொடியின் நிலவரத்தைக் காட்டுவது உங்கள் கண் மட்டும்தான். டேப்லெட்டில் வரும் ரேடார் படம் பல இடங்களிலிருந்து திரட்டித் தொகுத்தது. திரையில் 'ஒரு நிமிடம் முன்' என்று இருந்தாலும் உண்மையில் 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம். ஓர் இடிமேகம் வளர்ந்து பெருக அந்த நேரம் தாராளம். ஆகவே அந்தப் படத்தை வைத்து மொத்த இடிமேகக் கூட்டத்தையும் சுற்றிப் போகலாம், நடுவில் சந்து தேடக் கூடாது. கடும் இடிமேகத்திலிருந்து 20 மைலாவது விலகியிருங்கள்.

மற்ற மேகங்களுக்குள் இடிமேகங்கள் ஒளிந்திருந்தாலோ, அவை வரிசையாக வழியை அடைத்திருந்தாலோ இது பலிக்காது. மலைப்பகுதியில் பறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரமே மேகத்துக்குள் இருக்கலாம், அப்போதும் உதவாது. இரவில் மின்னல் வெளிச்சத்தை நம்பித் தூரத்தைக் கணிக்கவும் வேண்டாம். அப்போதெல்லாம் திரும்புவதோ, கிளம்பாமல் இருப்பதோதான் சரி.