பழைய கேசட்டை ஓட்ட பெட்டி பிரிக்காத டெக்கா, ஓடின டெக்கா?

வீட்ல கிடக்குற பழைய வீடியோ கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு கிளம்புறவங்க முதல்ல கேக்குறது புது டெக் (கேசட்டை ஓட்டுற விசிஆர்) வாங்கவா செகண்ட் ஹேண்ட் வாங்கவான்னு தான். உண்மையான புதுசுன்னு இப்ப ஒண்ணும் கிடையாதுங்க. கடைசியா விசிஆர் செஞ்சிட்டு இருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலைல நிறுத்திட்டாங்க, அதனால பெட்டி பிரிக்காதது, அப்படியே புதுசுன்னு யாராவது வித்தா அது வருஷக்கணக்கா ஒரு மூலைல கிடந்த டெக்னு வச்சுக்கோங்க.

சும்மா கிடந்தா கெடாதுன்னு நினைச்சிடாதீங்க, பெல்ட், டேப்பை இழுக்குற ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர், கிரீஸ், போர்டுல இருக்குற கெப்பாசிட்டர் இதுக்கெல்லாம் ஓடினாலும் ஓடாட்டியும் வயசாகிட்டே தான் இருக்கும். நானும் சீல் பிரிக்காத டெக் ஒண்ணு ஆசையா வாங்கினேன், கேசட்டை உள்ள இழுத்துச்சு, அப்புறம் அசையவே இல்ல, மூடியை கழட்டி பெல்ட்டை தொட்டா விரல்ல தார் மாதிரி கருப்பா ஒட்டுது. அதனால நல்லா ஓடிட்டு இருக்குற, சர்வீஸ் பண்ணின பழைய டெக்குக்கு தான் என் ஓட்டு.

அதுக்கும் முன்னாடி உங்ககிட்ட இருக்குறது என்ன கேசட்னு பாருங்க. சின்ன விஎச்எஸ்-சி கேசட்டுக்கு அடாப்டர் போட்டா சாதா டெக்லயே ஓடும். 8 எம்எம் வீடியோ கேசட்னா அதுக்கு அடாப்டரே கிடையாது, அதை ஓட்டுற கேமராவோ 8 எம்எம் டெக்கோ தான் வேணும். 1999ல வந்த டிஜிட்டல்8 கேமராக்கள்ல சில மாடல் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயர்னு ஒரு கேபிள் வழியா டிஜிட்டலாவே குடுத்துடும், ஆனா எல்லா மாடலும் இல்ல, மேனுவலை பாத்துட்டு வாங்குங்க. பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC)ன்ற டிவி சிக்னல் முறைகள்ல கேசட் எதுல பதிஞ்சதுன்றதும் முக்கியம், டெக்கும் அதை ஓட்டுறதா இருக்கணும்.

வாங்கப் போகும்போது போனா போகட்டும்னு ஒரு கேசட்டை எடுத்துட்டு போங்க. ப்ளே, ஃபார்வர்ட், ரீவைண்ட், எஜெக்ட் எல்லாம் போட்டு பாத்துட்டு, கேசட்டை வெளிய எடுத்து மூடியை தூக்கி டேப்போட ஓரத்தை வெளிச்சத்துல பாருங்க. ஓரம் மடிஞ்சோ சுருங்கியோ இருந்தா அந்த டெக் வேண்டாம், பேசாம வந்துடுங்க. படம் முழுக்க புள்ளி புள்ளியா வந்தா மட்டும் பயப்படாதீங்க, பெரும்பாலும் டேப்பை படிக்கிற ஹெட்ல அழுக்கா தான் இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச மெல்லிசான ஷாமி தோலை ஹெட் டிரம்மோட பக்கத்துல அசையாம வச்சுட்டு டிரம்மை கையால மெதுவா சுத்துங்க, மேலயும் கீழயும் தேச்சா ஹெட் உடைஞ்சிடும், காது குடையுற பஞ்சு குச்சி வேண்டவே வேண்டாம், நூல் மாட்டிக்கும்.

புதுசா வாங்க வேண்டியது டெக்ல இருந்து வர்ற படத்தை கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துற கேப்சர் டிவைஸும் நல்ல கேபிளும். எஸ்-வீடியோ அவுட் இருக்குற எஸ்-விஎச்எஸ் டெக் (விஎச்எஸ்ஸோட மேம்பட்ட ரகம்) கிடைச்சா விடாதீங்க, கலரும் வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு கலங்காம வரும்.

கேசட்ல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா டெக்குக்குள்ள போடாதீங்க, ஹெட்டுக்கு வந்து அடுத்த கேசட்டுக்கும் பரவிடும். ஒரே ஒரு காப்பி தான் இருக்குன்ற கேசட்டை கடைசியா போடுங்க, போடுற முதல் தடவையே ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிட்டு போடுங்க, அந்த டேப் ரெண்டாவது தடவை ஓடும்னு நம்பி இருக்காதீங்க.