நீதிபதி கர்ணன் வழக்கு: விசாரணை நியாயமாக நடந்ததா என்று சரிபார்ப்பது எப்படி?

2017 மே 9 அன்று, பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 6 மாதச் சிறை விதித்தது. சி.எஸ். கர்ணன் பேச்சு வந்தாலே ‘தலித் என்பதால் பழிவாங்கினார்கள்’ என்று ஒரு தரப்பும், ‘செய்த செயலுக்கு இது போதாது’ என்று இன்னொரு தரப்பும் மோதிக்கொள்கின்றன. அவர் செய்தது சரியா என்பது ஒரு கேள்வி. அவரை விசாரித்த முறை சரியா என்பது வேறு கேள்வி. முதலில் இவை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

செய்தித்தாள் நறுக்குகளை நம்பி இறங்காதீர்கள். நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த அவமதிப்பு மனு (சிவில்) எண் 1/2017 என்ற எண்ணை வைத்து, உச்ச நீதிமன்ற உத்தரவுகளைத் தேதிவாரியாக எடுத்துப் படியுங்கள். நீதிபதிகள் 20 பேர் மீது ஊழல் குற்றம் சாட்டிப் பிரதமருக்கு அவர் எழுதிய கடிதம் ஜனவரியில். பிப்ரவரி 8 அன்று நோட்டீஸ். அன்றே அவரிடமிருந்து நீதிமன்றப் பணிகளும் நிர்வாகப் பணிகளும் பறிக்கப்பட்டன. மார்ச் 10 அன்று ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். மார்ச் 31 அன்று நேரில் வந்தார். பதில் தர 4 வார அவகாசம் கிடைத்தது. ஆகவே ‘வாய்ப்பே தரவில்லை’ என்ற வாதம் நிற்காது.

அடுத்து சட்டம். ‘நாடாளுமன்றம்தான் நீதிபதியைத் தண்டிக்க முடியும்’ என்பது பலரும் செய்யும் பிழை. நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது பதவிநீக்கம். அவமதிப்புத் தண்டனை அரசியலமைப்பின் 129-வது பிரிவிலிருந்து வருகிறது. நீதிபதியும் அவமதிப்புக்கு உள்ளாவார் என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. தண்டனைக்குப் பிறகும் அவர் நீதிபதியாகவே இருந்து, ஜூன் 12 அன்று ஓய்வுபெற்றார்.

இங்கிருந்துதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நான்கு இடங்களை நிதானமாகப் பாருங்கள். ஒன்று, குற்றச்சாட்டு நீதித்துறையின் மீதே இருந்தபோது, அதே நீதித்துறைதான் விசாரித்தது. (மே 8 அன்று கர்ணன் தம் பங்குக்குத் இந்தியத் தலைமை நீதிபதி உட்பட உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 8 பேருக்கு 5 ஆண்டுக் கடுங்காவல் ‘விதித்தார்’. தம் வழக்கில் தாமே நீதிபதியாவது அவரிடமும் இருந்த பிழை.) இரண்டு, உயர் நீதிமன்றம் அவமதிப்புக்குத் தண்டித்தால் அவமதிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு, உச்ச நீதிமன்றமே தண்டித்தால் அதே நீதிமன்றத்திடம் தரும் சீராய்வு மனுவும், அதுவும் தள்ளுபடியானால் கடைசி வாய்ப்பான கியூரேட்டிவ் மனுவும் மட்டுமே. மூன்று, அந்தச் சட்டம் அனுமதிக்கும் சிறைக்காலத்தின் உச்சமே 6 மாதம்தான். அதை முழுதாக விதித்தார்கள். விரிவான காரணங்கள் வந்ததோ ஜூலையில். ஜூன் 20 அன்று கோவையில் பிடிபட்டபோது, எதற்காக இந்த அளவு தண்டனை என்ற விளக்கம் இல்லாமலேயே சிறைக்குப் போனார். வழக்கின் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து. நான்கு, அவருடைய அறிக்கைகளை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்ற தடை. தண்டிக்கப்பட்டவரின் பேச்சை மக்கள் கேட்டால்தானே அந்தத் தண்டனை நியாயமா என்று எடைபோட முடியும்?

மே 1 அன்று இட்ட மனநலப் பரிசோதனை உத்தரவையும் கவனியுங்கள். பரிசோதனைக்கு அவர் மறுத்துவிட்டார். மனநிலையில் ஐயம் எழுந்தபின், அதைத் தீர்க்காமலே தண்டிக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சாதிப் புகாரைத் தனித்தாளில் எழுதுங்கள். சாதிப் பாகுபாடு குறித்துத் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் 2011-லேயே அவர் முறையிட்டிருந்தார். அவமதிப்பு நடந்ததா என்பதற்கு அது விடை ஆகாது. ஆனால் அவமதிப்பு நிரூபணமானதாலேயே அந்தப் புகார் பொய் என்றும் ஆகிவிடாது.

கடைசியாக, ஜூலைத் தீர்ப்பில் அமர்வில் இருந்த நீதிபதிகள் செலமேஸ்வர், கோகோய் இருவரும் சேர்ந்து எழுதிய தனிப் பகுதியைத் தவறாமல் படியுங்கள். தண்டனையை ஏற்றுக்கொண்டே, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மறுபரிசீலனை செய்யவும், பதவிநீக்கம் வரை போகாத தவறுகளைக் கையாள ஒரு வழிமுறை காணவும் வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.