டாலெக் ரோபோ இல்லை: ஏலியன் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை உடம்பு, பெரிய தலை, பூமியை அழிக்க வந்தது, அவ்வளவுதான் ஏலியன் என்ற நினைப்போடு உட்கார்ந்தால் பாதிப் படம் கை நழுவிப் போய்விடும். புகழ்பெற்ற ஏலியன்களை உருவாக்கியவர்கள் எல்லோரும் கொஞ்சமாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்: இதன் உடம்பு ஏன் இப்படி, இது எங்கிருந்து வருகிறது, இதற்கு என்ன வேண்டும் என்று. அந்த விவரத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் கதையே தப்பாகிவிடுகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன வாசகசாலையில் நாங்கள் சிலர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம், படம் முடிந்ததும் பேசுவோம். அங்கேயும் வெளியேயும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டாலெக். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வருகிற, மிளகுக் குப்பி மாதிரி இருந்துகொண்டு "அழித்துவிடு" என்று கத்துகிற அந்த உருவத்தை வினாடி வினாப் புத்தகங்கள்கூட ரோபோ என்று எழுதிவிடுகின்றன. இல்லை. வெளியே தெரிவது வெறும் கவசம், உள்ளே இருப்பது உருமாறிப் போன ஓர் உயிர். டாலெக்குகள் முதலில் வந்தது 1963 டிசம்பரில். எழுதியவர் டெர்ரி நேஷன், உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் கசிக். நேஷன் கார்டிஃபில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சு நடந்த காலத்தில் சிறுவன். தங்கள் இனம் மட்டுமே சுத்தம், மற்றதெல்லாம் வாழத் தகுதியில்லாதது என்று நம்புகிற கூட்டமாக அவர் டாலெக்கை எழுதியதில் நாஜிகளின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ரோபோ என்று சொல்லிவிட்டால் அதன் வெறுப்புக்கு யாரோ எழுதிக் கொடுத்த நிரல்தான் காரணம் என்றாகிவிடும். உயிர் என்று தெரிந்தால்தான், ஓர் உயிர் தானாகவே அந்த வெறுப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தன்னை இரும்புக்குள் அடைத்துக்கொண்டது புரியும், பயமும் அப்போதுதான் வரும். அப்புறம் அதற்குப் படியேறத் தெரியாது, மாடிக்கு ஓடிவிட்டால் தப்பித்துவிடலாம் என்கிற பேச்சை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1988-லேயே ஒரு டாலெக் படிக்கட்டில் மிதந்து ஏறுவதைக் காட்டியாகிவிட்டது.

இதே குழப்பம் எச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் வருகிற செவ்வாய்க்காரர்களுக்கும் நடக்கிறது. மூன்று கால் வைத்து நடக்கிற அந்த ராட்சத உருவம்தான் ஏலியன் என்று பலர் நினைக்கிறார்கள். அது வண்டி, ஏலியன் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. 1898-ல் புத்தகமாக வந்த அந்த நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் டாஸ்மேனிய மக்களுக்கு ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார் வெல்ஸ். மற்ற நாடுகளுக்குப் பிரிட்டன் செய்ததை வேறொருவன் வந்து பிரிட்டனுக்கே செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. வெள்ளைக்காரன் கோடைக்காலத் தலைநகரமாக வைத்திருந்த ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, ஒரு வரி சொன்னாலே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஸ்பாக்குக்கு உணர்ச்சி கிடையாது என்பது அடுத்தது. ஏலியன்களைப் பற்றிய தவறுகளில் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்'கில் லெனர்ட் நிமாய் நடித்த ஸ்பாக்கின் அப்பா வல்கன் கிரகத்துக்காரர், அம்மா பூமியைச் சேர்ந்த மனுஷி. வல்கன்களுக்கு உணர்ச்சி இல்லாமல் இல்லை. அது அவர்களுக்கு மிக மூர்க்கமாக வரும், அதனால் ஒருகாலத்தில் ஒருவரையொருவர் அழித்துக்கொள்கிற நிலைக்குப் போய், பிறகு பகுத்தறிவைப் பிடித்துக்கொண்டு அதை அடக்கப் பழகியவர்கள். நிமாய் ஒரு புருவத்தை மட்டும் தூக்குகிறபோது அதற்குப் பின்னால் அவ்வளவும் இருக்கிறது. 1967-ல் வந்த 'அமோக் டைம்' பகுதியில், தன் கையாலேயே நண்பன் கர்க் செத்துப்போய்விட்டான் என்று நம்பித் திரும்பி வருகிற ஸ்பாக், அவன் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் தன்னை மறந்து பல் தெரியச் சிரித்துவிட்டு, மறுநொடியே முகத்தை இழுத்து மூடிக்கொள்கிற இடத்தைப் பாருங்கள். உணர்ச்சியே இல்லாதவனுக்கு அந்த மறுநொடி தேவையில்லை. விரல்களை இரண்டு இரண்டாகப் பிரித்துக் காட்டுகிற வல்கன் வணக்கமும் இந்தப் பகுதியில்தான் முதலில் வந்தது. சிறுவனாக இருந்தபோது யூதர்களின் தொழுகைக் கூடத்தில் ஆசி வழங்குகிறவர்கள் கையை அப்படி வைத்திருந்ததைப் பார்த்து நினைவில் வைத்திருந்த நிமாய், அதை ஸ்பாக்குக்குக் கொடுத்தார். இன்னொன்று, ஸ்பாக்கை 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரம் என்று எழுதாதீர்கள். அங்கே இருப்பவர்கள் யோடாவும் சூபாக்காவும், அந்தக் கதைக்குள் பூமி என்று ஒன்றே கிடையாது.

'டிஸ்ட்ரிக்ட் 9' (2009) பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். "பூச்சி மாதிரி ஏலியன், நல்ல சண்டை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீல் ப்ளோம்காம்ப் இயக்கிய அந்தப் படத்தில் ஏலியன்கள் யாரையும் தாக்க வரவில்லை. ஜோகன்னஸ்பர்க் மேலே ஒரு கப்பல் வந்து நின்றுவிட்டது, உள்ளே பட்டினியில் கிடந்தவர்களைக் கீழே இறக்கி முகாமில் போட்டார்கள், முகாம் சேரியானது, இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு கையில் தாளோடு ஒரு அதிகாரி வீடு வீடாக வந்து "இங்கே கையெழுத்துப் போடு, உன்னை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம்" என்கிறான். ஊர்க்காரர்கள் அவர்களைக் கூப்பிடுவது இறால் என்று. படத்தின் பெயரே கேப் டவுனில் நிறவெறி அரசு வெள்ளையர் பகுதியாக அறிவித்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை நினைவுபடுத்தத்தான்.

இதை நீலகிரியில் போட்டுப் பாருங்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் கூட்டத்தில் பாதி. கையெழுத்துக் கேட்கிற அந்தக் காட்சியில் ஒரு பெண் சத்தமாகவே, "எங்க தாத்தாகிட்டயும் இப்படித்தான் பேப்பர நீட்டுனாங்களாம்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன விளக்கம் கொடுக்க? அதே நேரத்தில் இந்தப் படத்தை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் தவறு. ஏலியன்களை இழிவாக நடத்துவதைக் கண்டிக்கிற படம், அதில் வருகிற நைஜீரியர்களை ரவுடிக் கும்பலாகவும் மாந்திரீகம் செய்பவர்களாகவும் மட்டும் காட்டுகிறது, நைஜீரிய அரசு தன் நாட்டுத் தியேட்டர்களில் அதைப் போட வேண்டாம் என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

'அவதார்' பற்றி இரண்டு விஷயம். கதை நடக்கிற பண்டோரா ஒரு கிரகம் இல்லை, பாலிஃபீமஸ் என்கிற பெரிய வாயுக் கோளைச் சுற்றுகிற நிலவு, அதனால்தான் வானத்தில் அவ்வளவு பெரிய உருண்டை தெரிகிறது. அங்கே வாழ்கிற நாவிகளுக்குக் கையில் நான்கு விரல்தான், மனித மரபணுவைக் கலந்து செய்த அவதார் உடம்புக்கு மட்டும் ஐந்து, படம் முழுக்க, அந்த உடம்பில் உலவுகிற ஜேக் என்கிற மனிதனின் கையைக் கவனித்தால் அவன் வெளியாள் என்பதை அந்த ஒரு விரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதெல்லாம் சரி, இங்கே நடக்கிற வேறொரு தவறுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பான மந்துக்குப் போய் அந்த வளைந்த கூரை வீட்டையும் புத்துக்குளி என்கிற அவர்களுடைய போர்வையைப் போர்த்தியவர்களையும் படம் பிடித்து "அவதார் மக்கள்" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். இந்த மண்ணில் நம் எல்லோருக்கும் முன்னாலிருந்து வாழ்கிறவர்களை வேற்றுக்கிரகவாசி என்று சொல்வதற்குப் பாராட்டு என்று பெயர் வைக்காதீர்கள். அந்தப் படம் குற்றவாளியாக நிறுத்துகிற, வெளியிலிருந்து வந்து நுழைகிற மனிதர்களின் இடத்தில்தான் கேமராவோடு போய் நிற்கிறீர்கள்.

ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஈ.டி.' படத்தின் விஷயத்தில் வாட்ஸப்பில் சுற்றுகிற ஒன்று: "சத்யஜித் ராயின் கதையை ஸ்பீல்பெர்க் திருடினார், நிரூபிக்கப்பட்டுவிட்டது." நடந்தது இவ்வளவுதான். 1962-ல் ராய் 'பங்குபாபுர் பந்து' என்று ஒரு சிறுகதை எழுதினார், எல்லோரும் கேலி செய்கிற ஒரு கிராமத்துப் பள்ளி வாத்தியார் ஏலியனைச் சந்திக்கிற கதை. 1967-ல் வங்காளக் கிராமத்துக் குளம் ஒன்றில் விண்கலம் இறங்குவதாகவும், உள்ளிருந்து வந்தது ஹாபா என்கிற சிறுவனோடு சிநேகமாவதாகவும் 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை முடித்தார். கொலம்பியா நிறுவனம் எடுப்பதாக இருந்து நின்றுபோனது. 1982-ல் ஈ.டி. வந்தபோது, அமெரிக்கா முழுக்கச் சுற்றிய தன் திரைக்கதைப் பிரதிகள் இல்லாமல் அது சாத்தியமாகியிருக்காது என்று ராய் சொன்னார், ஸ்பீல்பெர்க் மறுத்தார், ராய் வழக்குப் போடவில்லை. இதில் நிரூபணம் எங்கே இருக்கிறது? மனிதனைத் தின்ன வராத, குழந்தையோடு விளையாடுகிற ஏலியனை ராய் அறுபதுகளிலேயே யோசித்துவிட்டார் என்பதே பெரிய பெருமை, அதைச் சொல்ல யாரையும் திருடன் ஆக்க வேண்டியதில்லை.

தமிழில் ஏலியன் படம் 'அயலான்' (2024) வந்துதான் தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் 'கலை அரசி'யை மறந்துவிடுகிறார்கள். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963-ல் வந்த படம், டாலெக் பிறந்த அதே வருஷம். அதில் வருகிற வேற்றுக்கிரகத்தினர் விஞ்ஞானத்தில் நம்மைவிட முன்னால் போனவர்கள், ஆனால் கலையில் பின்தங்கியவர்கள், அதனால் பூமியிலிருந்து ஒரு கலைஞரைக் கொண்டுபோக வருகிறார்கள். தங்கம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பாட்டு வேண்டும்! இப்படியொரு காரணத்துக்காகப் பூமிக்கு வந்த ஏலியன்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி எங்கள் ஊர்க் கேள்வி. ஊட்டிக்கு வருகிறவர்கள் முத்தோரை மலைச்சரிவில் அந்த நீளமான டெலஸ்கோப்பைப் பார்த்துவிட்டு, இங்கேயிருந்துதான் ஏலியனுக்குச் சிக்னல் அனுப்புகிறார்களா என்கிறார்கள். 'கான்டாக்ட்' (1997) படத்தில் ஜோடி ஃபாஸ்டர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வானத்தைக் கேட்கிற காட்சி மனதில் ஒட்டிக்கொண்டதால் வருகிற கேள்வி இது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கிய அந்த ஊட்டி ரேடியோ டெலஸ்கோப் எதையும் அனுப்பாது, வாங்க மட்டும்தான் செய்யும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரியைச் சொச்சம், அதே அளவு சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப்பிடித்துக் கட்டியதால் அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடர முடிகிறது. ரேடியோ கேலக்ஸிகள், பல்சர்கள், சூரியக் காற்று என்று அது பார்த்த பட்டியல் பெரிது. அது 327 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்கிறது, படத்தில் வேகா நட்சத்திரத்திலிருந்து வருகிற செய்தியோ 4,462 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஹைட்ரஜனின் அலைவெண்ணைப் பை என்கிற எண்ணால் பெருக்கிய இடத்தில். முத்தோரையில் அது கேட்டிருக்கவே கேட்டிருக்காது. நிஜ வானியலாளர்கள் ஹெட்போனில் கேட்டு வேலை செய்வதில்லை, கம்ப்யூட்டர் பதிவைத்தான் அலசுகிறார்கள். அந்தப் படத்தைக் "கடைசிவரை ஏலியனைக் காட்டவே இல்லை" என்று குறை சொல்வதும் சரியில்லை. கதாநாயகியின் இறந்துபோன அப்பாவின் உருவத்தில் ஏலியன் வந்து நிற்கிறது, அந்த முகம் என்றால் அவளுக்குத் தாங்க எளிதாக இருக்கும் என்பதால்.

கடைசியாக, படம் போடுகிறவர்கள் செய்கிற தவறு. ஏலியன் என்றாலே பிள்ளைகள் படம் என்று நினைத்து ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) படத்தை வீட்டில் ஓடவிடுகிறார்கள். பிரிட்டனில் அதற்கு அப்போதே எக்ஸ் சான்றிதழ், அதாவது பெரியவர்களுக்கு மட்டும் என்கிற சான்றிதழ் கொடுத்தார்கள். எச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த ஜந்துவுக்கு வெளியே தெரிகிற கண் கிடையாது, அது எங்கே பார்க்கிறது என்றே தெரியாது, உடைக்குள் இருந்தது பொலாஜி படேஜோ என்கிற மிக உயரமான நைஜீரிய இளைஞர். முழுதாக அதைக் காட்டுகிற நேரம் மிகக் குறைவு, காத்திருக்க வைத்தே பயமுறுத்துகிறது, அதனால் துண்டுக் காட்சிகளாகப் பார்த்தால் ஒன்றுமே கிடைக்காது. ராணி ஏலியன் இந்தப் படத்தில் இல்லை, 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் படத்தில்தான் வருகிறது. இரண்டையும், ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) படத்தையும் பெரியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்குக் 'கான்டாக்ட்' நன்றாக ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஈ.டி. போதும். அதிலும் ஈ.டி. வெளுத்துப்போய்க் கிடக்கிற காட்சியில் கட்டாயம் அழுவார்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.